பகிடி நாடகமும் அரிசி மூட்டையும்: நாங்கள் விட்ட பிழையளை நீங்களும் விடாதேங்கோ

ஊர் வாசிகசாலையால ஒரு பகிடி நாடகம் போட்டு, டிக்கெட்டுக்குப் பதிலா சாமான் வாங்கி, கஷ்டப்பட்ட வீடுகளுக்குக் குடுப்பம் எண்டு வெளிக்கிடுற பெடியள் பெட்டையளுக்குத்தான் இது.

முதல் பிழை, "ஏலுமானதைக் கொண்டு வாங்கோ" எண்டு நோட்டீஸ் அடிக்கிறது. எங்களுக்கு உப்பும் சீனியும் குவிஞ்சுது, அரிசி ஒரு மூட்டையும் தேறேல்ல. பேந்துதான் இந்த ஒழுங்கை அரிசி, அந்த ஒழுங்கை பருப்பு எண்டு பிரிச்சுச் சொன்னனாங்கள். டின் மீன் வந்தா திகதியைப் பாருங்கோ, யாருக்குப் போகுது எண்டும் பாருங்கோ, நல்லூர்க் கந்தன் திருவிழாக் கொடி ஏறினா 25 நாளும் கன வீட்டில மீன், இறைச்சி இல்லை. ஐப்பசி, கார்த்திகையில வெட்டவெளி மேடை வேண்டவே வேண்டாம், மாப் பையை நிலத்தில வைச்சா விடிய களிதான்.

அடுத்தது பேச்சு. தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, ஆளாளுக்குப் பொன்னாடை, இதெல்லாம் முடிஞ்சு திரை விலகேக்க சின்னப் பிள்ளையள் மடியில நித்திரை. பொன்னாடைக் காசுக்குப் பருப்பு வாங்கலாம் எண்டு நான் சொல்லி ரெண்டு பேரோட கோவமும் வந்தது, அது வேற கதை.

நடிக்கிற ஆக்கள் சனம் சிரிக்கிற நேரம் வாயை மூடி நிக்கப் பழகோணும், எங்கட ஆக்கள் சிரிப்புக்கு மேலால அடுத்த வசனத்தைச் சொல்லி நல்ல பகிடி நாலு வீணாப் போட்டுது. திக்குவாய், சாதி, வன்னி ஆக்கள் கதைக்கிற விதமெண்டு ஆக்களை நக்கலடிக்கிற பகிடி எழுதாதேங்கோ. 90களில யாழ்ப்பாணத்துக்குப் போட்ட பொருளாதாரத் தடைக்குள்ள சைக்கிள் டைனமோ சுத்தி ரேடியோ கேட்டதை, சங்கக்கடை வரிசையில நிண்டதைச் சொன்னா கிழடுகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கும், அது தாங்கள் பட்டதுக்குத் தாங்களே சிரிக்கிறது. ஆனா இண்டைக்கும் வரிசையில நிக்கிற ஆளைப் பாத்து அடிக்கிற பகிடி அப்பிடியில்லை.

எல்லாத்தையும் விடப் பெரிய பிழை, இடைவேளையில அந்தக் குடும்பங்களை மேடைக்குக் கூப்பிட்டுப் பொதி குடுத்தது. மைக்கில பேர் வாசிச்சு, ஃபோட்டோக்காரன் "இஞ்ச பாருங்கோ அம்மா" எண்டான், ஒரு ஆச்சி சீலைத் தலைப்பால முகத்தைத் துடைக்கிற மாதிரி மறைச்சுக்கொண்டு நிண்டவ, பையின்ர அடி பிஞ்சு பருப்பு பலகையில சிந்தினது, மனிசி குனிஞ்சு பொறுக்க வெளிக்கிட, பின்னால இருந்த ஆரோ அதையும் நாடகம் எண்டு நினைச்சுச் சிரிச்சுப்போட்டாங்கள். எனக்கு இப்பவும் அந்தச் சத்தம் காதில கிடக்கு.

இப்ப நாங்கள் நாடகத்துக்கு முதலே ஒழுங்கை ஒழுங்கையாச் சேர்த்து, ஒரு நாள் முந்தி இருட்டினாப் பிறகு ஓட்டோவில வீடு வீடாக் குடுத்திடுவம். பேர் எழுதின கொப்பி ரெண்டு பேரிட்டத்தான். அடுத்த நாள் சனத்தோட சனமா அவையளும் வந்து பாயில இருப்பினம், ஆர் குடுத்தது ஆர் வாங்கினது எண்டு தெரியாது. ஒழுங்கை நாயள் குலைச்சு ஊரை எழுப்புறதுக்குத்தான் இன்னும் வழி கிடைக்கேல்ல.