காட்டுப் பள்ளத்தாக்கில் ஒரு நாள் நடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையுச்சிக்குச் செல்லும் நடையில் ஏற்றம் முதலில் வருவதால் களைத்தவர் பாதியிலேயே திரும்பிவிடலாம். பள்ளத்தாக்கிலோ, காலை உற்சாகத்தில் இறங்கியவர் அத்தனை உயரத்தையும் களைத்த கால்களோடு பிற்பகலில் ஏறியாக வேண்டும். இறங்குவதற்கு ஆன நேரத்தைக் கொண்டே திரும்பும் நேரத்தையும் கணக்கிடுவதுதான் இங்கே பலரும் செய்யும் தவறு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு மணி நேரம், ஏற வேண்டிய ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். ஓய்வு நேரம் இதில் சேராது. விலங்குகளைப் பார்க்க நின்று நின்று செல்பவருக்கு இன்னும் அதிகமாகும். உயர்ந்த பாறைச் சுவர்களும் மரக்கிளைகளும் ஒளியை மறைப்பதால் சூரியன் மறையும் நேரத்துக்கு வெகு முன்னரே பாதை மங்கிவிடும் என்பதையும் மனத்தில் கொண்டு, பகல்நேர நடையானாலும் டார்ச் விளக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

மழை பற்றிய தவறான கணிப்பு இதைவிட ஆபத்தானது. தலைக்கு மேல் வானம் தெளிந்திருப்பதை நம்பி ஓடைப்படுகையில் இறங்குபவர்கள், அந்த ஓடைக்கு நீர் வந்து சேரும் பரப்பு கண்ணுக்கெட்டாத மேட்டுப்பகுதியில் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள ஆன்டிலோப் கேன்யனில் 1997 ஆகஸ்ட் 12 அன்று 11 பேரைப் பலிகொண்ட வெள்ளம், பல கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழையால் வந்தது. அது மரங்களற்ற பாறையிடுக்கு. காட்டு மண் மழைநீரை ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும் என்றாலும், ஏற்கெனவே நனைந்து ஊறிய சரிவில் அந்த உதவியை எதிர்பார்க்க முடியாது. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ உடனே பக்கவாட்டில் உயரமான இடத்துக்கு ஏறிவிட வேண்டும். ஓடையின் போக்கிலேயே ஓடித் தப்ப முயலக் கூடாது.

விலங்குகளைக் காணச் செல்வோர் காற்றைக் கவனிக்காமல் விடுவதால் இழப்பது அதிகம். தெளிந்த வானிலையில் இரவெல்லாம் குளிர்ந்த காற்று கனத்து, பள்ளத்தாக்கின் வழியே கீழ்நோக்கி வீசும். வெயில் ஏறிச் சரிவுகள் சூடானதும் அதே காற்று திசை மாறி மேல்நோக்கி வீசத் தொடங்கும். ஆகவே அதிகாலையில் ஓடையின் எதிர்த்திசையில் நடப்பவரின் மணம் பின்னால் போய்விடும். கீழ்நோக்கி நடப்பவரின் மணமோ அவருக்கு முன்பே மான்களை எட்டிவிடும். உடையின் நிறத்துக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக் காற்றின் மீது காட்டினால் போதும் என்பது என் கருத்து. மான்களால் சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறிய முடியாது, ஆனால் நீலம் நன்றாகவே தெரியும். பச்சைச் சட்டையைத் தேடி வாங்கிவிட்டு நீல ஜீன்ஸோடு வருபவர்கள் இதை அறிவதில்லை.

அமைதியாக நடப்பதும் எல்லா இடத்திலும் சரியன்று. ஓடையின் இரைச்சலில் மனிதர் வருவது விலங்குக்குக் கேட்காது, விலங்கின் அசைவும் மனிதருக்குக் கேட்காது. கரடி நடமாடும் இடத்தில் வளைவுகளை நெருங்கும்போது குரல் கொடுத்துச் செல்வதே பாதுகாப்பு. நடுப்பகலில் பெரிய பாலூட்டிகளைத் தேடுவதும் வீண்முயற்சி. அவற்றில் பல விடியலிலும் அந்தியிலுமே வெளிவரும். நடுப்பகலில் மேலெழும் வெப்பக்காற்றில் வட்டமிடும் கழுகு, பருந்து இனங்களைத் தொலைநோக்கியில் பார்ப்பது மேல்.

கண்ட விலங்கை நெருங்கிச் செல்வது அடுத்த தவறு. அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் பலவற்றில் கரடி, ஓநாய் ஆகியவற்றிலிருந்து சுமார் 91 மீட்டரும், மற்ற விலங்குகளிலிருந்து 23 மீட்டரும் விலகியிருக்க வேண்டும் என்பது விதி. அளவு எதுவானாலும், விலங்கு மேய்வதை நிறுத்தித் தலை தூக்கினாலே நெருங்கியது அதிகம் என்று பொருள். உணவு கொடுப்பதும், பறவைகளை வரவழைக்கப் பதிவுசெய்த குரலை ஒலிபரப்புவதும் கூடவே கூடாது.

ஓடைநீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குறைந்தது ஒரு நிமிடமாவது கொதிக்கவைக்காமல் குடிக்கக் கூடாது. 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும். பாறைச் சுவர்களுக்கிடையே கைபேசிச் சமிக்ஞை கிடைக்காமல் போகலாம், ஜிபிஎஸ் காட்டும் இடமும் பிசகலாம் என்பதால், செல்லும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, அச்சிட்ட வரைபடத்தோடு புறப்பட வேண்டும்.