அதிபர் நூலகம் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

அமெரிக்காவுக்குப் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரின் பட்டியலில் நயாகரா கட்டாயம் இருக்கும். அதிபர் நூலகம் இருக்காது. மகன் வீடு டல்லாஸிலோ ஆஸ்டினிலோ இருந்து, ஒரு மதியம் சும்மா கிடைத்தால் போவார்கள். வெள்ளை மாளிகையில் அதிபர் வேலை பார்க்கும் ஓவல் அலுவலகத்தின் மாதிரி அறையில் படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவார்கள்.

உள்ளே போய்ப் புத்தக அலமாரிகளைத் தேடாதீர்கள். ஓர் அதிபரின் ஆட்சிக்காலக் கோப்புகளைக் காக்கும் ஆவணக் காப்பகமும், அதோடு ஓர் அருங்காட்சியகமும்தான் பெரும்பாலும் இருக்கும். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1941இல் நியூயார்க் மாநிலத்து ஹைட் பார்க்கில் தொடங்கிவைத்த வழக்கம் இது. கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று அவரே வரைந்து காட்டினார். டச்சுக் குடியேறிகளின் கல்வீட்டுச் சாயல் அவருக்குப் பிடித்தமானது. பதவியில் இருக்கும்போதே தன் நூலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த ஒரே அதிபரும் அவர்தான்.

பலரும் செய்யும் பெரிய தவறு, கட்டடத்தைக் கவனிக்காமல் கண்காட்சிக்கு ஓடுவது. பாஸ்டனில் உள்ள கென்னடி நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஹார்வர்டு பக்கம், கேம்பிரிட்ஜில் கட்டுவதாக இருந்தது. கூட்டமும் போக்குவரத்து நெரிசலும் வரும் என்று உள்ளூர்வாசிகள் எதிர்க்க, கடலோரத்துக் கொலம்பியா பாயின்ட்டுக்கு நகர்ந்து 1979இல் திறந்தது. என்னைக் கேட்டால் அந்த எதிர்ப்பு நல்லதாகப் போயிற்று. கட்டடக் கலைஞர் ஐ. எம். பேய் பார்வையாளரைக் கீழ்த்தளத்து இருட்டுக் கண்காட்சி வழியாக நடக்கவிட்டு, கென்னடி கொலைச் செய்தியைத் தாண்டியதும் 115 அடி உயரக் கண்ணாடிக் கூடத்துக்குள் கொண்டுவந்து விடுகிறார். அங்கே காட்சிப் பொருள் என்று எதுவும் பெரிதாக இல்லை. மேலே தொங்கும் ஒரு பெரிய கொடி, வெளியே கடல், வானம், அவ்வளவுதான். நேரமில்லை என்று பாதியில் திரும்புகிறவர்கள் தவறவிடுவது இந்தக் கூடத்தைத்தான்.

ஆஸ்டினில் கோர்டன் பன்ஷாஃப்ட் வடிவமைத்த ஜான்சன் நூலகம் (1971) இதற்கு நேர்மாறு. வெளியிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட ஜன்னலே தெரியாத பத்து மாடிக் கல் பெட்டகம். ஆனால் நடுக்கூடத்தில் நிமிர்ந்து பாருங்கள்: நான்கு மாடி உயரத்துக்குக் கண்ணாடிக்குப் பின்னால் வரிசை வரிசையாகச் சிவப்புக் கோப்புப் பெட்டிகள். வேறு இடங்களில் ஒளித்துவைக்கும் காகிதத்தை இங்கே அலங்காரமாகவே ஆக்கிவிட்டார்கள். இங்குள்ள ஓவல் அலுவலகம் அசலில் எட்டில் ஏழு பங்கு அளவுதான். படம் எடுத்தால் தெரியாது. லிட்டில் ராக்கில் இருக்கும் கிளிண்டன் நூலகம் ஆற்றை நோக்கி அந்தரத்தில் நீளும் பாலம் மாதிரி நிற்கும். ‘21ஆம் நூற்றாண்டுக்குப் பாலம்’ என்பது அவரது 1996 தேர்தல் முழக்கம். பிடிக்காதவர்கள் ட்ரெய்லர் வீடு, அதாவது வண்டியில் இழுத்துப்போகும் வீடு, என்று கேலி செய்தார்கள்.

அப்புறம் இன்னொரு தவறு, சுவரில் எழுதியிருப்பதையெல்லாம் நடுநிலை வரலாறு என்று நம்புவது. பெரும்பாலும் அதிபரின் ஆதரவாளர்கள் நன்கொடை திரட்டிக் கட்டுகிறார்கள். பிறகு தேசிய ஆவணக் காப்பகம் ஏற்று நடத்துகிறது. தலைவரைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கத்தானே செய்வார்கள்? கலிஃபோர்னியாவின் யோர்பா லிண்டாவில் 1990இல் தனியார் நிறுவனமாகத் திறந்த நிக்சன் நூலகம், அவரைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் ஊழலை எதிரிகளின் சதி போலவே சொல்லிவந்தது. 2007இல் அரசு ஏற்ற பிறகு அந்தப் பகுதியைக் கழற்றிவிட்டு, 2011இல் ஆவணங்களையும் ஒலிப்பதிவுகளையும் வைத்துப் புதிதாக அமைத்தார்கள். எந்த நூலகத்துக்குப் போனாலும் அந்த அதிபரின் பெரிய சறுக்கலுக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பயணத் திட்டத்திலும் சில குளறுபடிகள் நடக்கும். இவை வாஷிங்டனில் இல்லை. அதிபரின் சொந்த ஊரிலோ அவருக்கு நெருக்கமான ஊரிலோ இருக்கும். ஃபோர்டுக்கு நூலகம் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில், அருங்காட்சியகம் சுமார் இரண்டு மணி நேரக் கார் பயணத் தூரத்தில் கிராண்ட் ராப்பிட்ஸில். மாற்றிப் போனால் நாள் போச்சு. ஏழு அதிபர்கள் பறந்த விமானத்துக்குள்ளேயே ஏறிப் பார்க்கலாம் என்பதால் கலிஃபோர்னியாவின் சிமி வேலியில் இருக்கும் ரீகன் நூலகம் குழந்தைகளுக்குப் பிடிக்கும், ஆனால் கார் இல்லாமல் போவது சிரமம். எல்லாமே தேசிய ஆவணக் காப்பகம் நடத்துபவை என்றும் நினைக்காதீர்கள். ஸ்பிரிங்ஃபீல்டின் லிங்கன் நூலகம் இல்லினாய் மாநில அரசுடையது. சிகாகோவின் ஒபாமா மையம் அவரது அறக்கட்டளையுடையது. காகிதக் கோப்புகள் அங்கே இல்லை.

கோப்புகளைப் பார்ப்பதெல்லாம் பேராசிரியர்களுக்குத்தான் என்று ஒதுங்கிவிடவும் வேண்டாம். புகைப்பட அடையாள அட்டை காட்டி ஆய்வாளராகப் பதிவு செய்தால் ஆய்வறைக்குள் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. என்ன கோப்பு வேண்டும் என்று காப்பாளருக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பெட்டியைத் தேடி எடுக்க அவர்களுக்கு நேரம் வேண்டும்.