இரண்டு டேப்லெட்டுகளின் ஸ்பெக்கை ஒப்பிடுவது எப்படி: எண்களை முதலில் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்

இரண்டு டேப்லெட்டுகளின் ஸ்பெக் பட்டியலை அருகருகே திறந்து வைத்தால், எந்த வரியில் எண் பெரிதோ அதுவே நல்லது என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் அந்தப் பட்டியலில் பல வரிகள் ஒரே பெயரில் வெவ்வேறு விஷயத்தைச் சொல்கின்றன. ஒரு நிறுவனம் பேட்டரியை வாட்-அவரில் எழுதும், இன்னொன்று எம்ஏஎச்சில் எழுதும். ஒன்று ரேம் எவ்வளவு என்று பெருமையாகச் சொல்லும், மற்றொன்று அந்தப் பேச்சையே எடுக்காது. நான் டேப்லெட் தேடியபோது வகுத்துக்கொண்ட முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

உதாரணத்துக்கு இரண்டை எடுத்துக்கொள்கிறேன்: 2022இல் வந்த ஐபேட் பத்தாம் தலைமுறை, 2023இல் வந்த சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ். எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல இவற்றை எடுக்கவில்லை. இரண்டு நிறுவனங்களும் ஸ்பெக் எழுதும் விதம் முற்றிலும் வேறு, பழகுவதற்கு ஏற்ற ஜோடி. நீங்கள் பார்க்கும் மாடல்களுக்கும் இதே முறைதான்.

படி 1: மாடல் எண்ணைப் பிடியுங்கள்

பெட்டியில் இருக்கும் பெயர் போதாது. டேப் ஏ9 பிளஸ் என்ற ஒரே பெயரில் வைஃபை மட்டும் உள்ளது எஸ்எம்-எக்ஸ்210, 5ஜி உள்ளது எஸ்எம்-எக்ஸ்216. லெனோவோ டேப் எம்10 பிளஸ் மூன்றாம் தலைமுறையில் ஹீலியோ ஜி80 சிப்போடு ஒன்று, ஸ்னாப்டிராகன் 680 சிப்போடு ஒன்று என்று இரண்டு உண்டு. பெயரை மட்டும் தேடினால் ஒன்றின் விமர்சனத்தைப் படித்துவிட்டு மற்றொன்றை வாங்க நேரிடும். விற்பனைப் பக்கத்தில் மாடல் எண் இல்லை என்றால், கேட்டு வாங்கிய பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: அட்டவணையை நீங்களே போடுங்கள்

ஒப்பீட்டுத் தளங்கள் தொடங்குவதற்கு நல்லவை. எனக்குப் பிடித்தது ஜிஎஸ்எம்அரீனா, வேறுபாடுகளைச் சட்டென்று பார்க்கலாம். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். கூகுள் ஷீட்ஸில் மூன்று நெடுவரிசை போட்டு, ஒவ்வொரு எண்ணையும் நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலிருந்து நீங்களே எழுதுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் கையால் எழுதும்போதுதான் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்பது கண்ணில் படும். பின்னால் அது தேவைப்படும்.

கேமரா மெகாபிக்சல் வரியை நான் சேர்ப்பதே இல்லை. ஆவணத்தைப் படம் எடுக்கவும் வீடியோ அழைப்புக்கும் இன்றைய டேப்லெட் எதுவும் போதும். முன் கேமரா நீள விளிம்பில் இருக்கிறதா, குறுகிய விளிம்பில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். படுக்கைவாக்கில் வைத்துப் பேசும்போது அதுதான் முக்கியம்.

படி 3: திரை

11 அங்குலம், 10.9 அங்குலம். முதலாவது பெரிது போலத் தெரிகிறது. அந்த எண் மூலைக்கு மூலை அளந்தது, அவ்வளவுதான். டேப் ஏ9 பிளஸ் 16:10 விகிதத்தில் நீண்டு ஒடுங்கியது, பரப்பு சுமார் 54 சதுர அங்குலம். ஐபேட் அகலமானது, சுமார் 55 வருகிறது. சிறிய எண் உள்ளதுதான் பரப்பில் கொஞ்சம் பெரிது. படம் பார்க்க நீண்ட திரை வசதி, பிடிஎஃப் படிக்கவும் குறிப்பெழுதவும் அகலத் திரை வசதி.

அடுத்தது கூர்மை. நீளவாக்குப் பிக்சலையும் அகலவாக்குப் பிக்சலையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அங்குலத்தால் வகுங்கள். 1920×1200 உள்ள 11 அங்குலத் திரைக்கு அங்குலத்துக்கு 206 பிக்சல் வரும். 2360×1640 உள்ள ஐபேடுக்கு 264. சிறிய எழுத்துகளைப் படிக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். மறுபக்கம், டேப் ஏ9 பிளஸின் திரை வினாடிக்கு 90 முறை புதுப்பிக்கும், இந்த ஐபேட் 60 முறைதான். ஸ்க்ரோல் செய்யும்போது அது தெரியும்.

படி 4: பேட்டரி

பெரும்பாலோர் சிக்கிக்கொள்ளும் இடம் இது. அவசரப்படாமல் படியுங்கள்.

ஐபேட் பக்கத்தில் 28.6 வாட்-அவர் என்று இருக்கும். சாம்சங் பக்கத்தில் 7040 எம்ஏஎச். இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. எம்ஏஎச் என்பது மின்னூட்டத்தின் அளவை மட்டும் சொல்கிறது. உள்ளே எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று தெரிய அதை வோல்டேஜால் பெருக்க வேண்டும். கணக்கு எளிது: எம்ஏஎச் × வோல்ட் ÷ 1000 = வாட்-அவர்.

டேப்லெட்டில் உள்ள ஒற்றை லித்தியம் செல்லின் பெயரளவு வோல்டேஜ் பெரும்பாலும் 3.7 முதல் 3.9 வரை இருக்கும். 3.85 என்று வைத்துக்கொண்டால் 7040 × 3.85 ÷ 1000 = சுமார் 27.1 வாட்-அவர். அதாவது இரண்டு பேட்டரியும் கிட்டத்தட்ட ஒரே அளவு. 7040 என்ற எண்ணின் பிரமாண்டத்தில் மயங்கவும் வேண்டாம், 28.6 என்பது சிறிதாக இருக்கிறதே என்று கவலைப்படவும் வேண்டாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சில சாதனங்களில் இரண்டு செல்களைத் தொடராக இணைத்திருப்பார்கள். அப்போது வோல்டேஜ் இரட்டிப்பாகும், எம்ஏஎச் அப்படியே இருக்கும். 7.7 வோல்ட்டில் 5000 எம்ஏஎச் என்றால் 38.5 வாட்-அவர். 3.85 வோல்ட்டில் 8000 எம்ஏஎச் என்றால் 30.8தான். எம்ஏஎச் எண்ணை மட்டும் பார்ப்பவர் 8000தான் பெரிது என்று சத்தியம் செய்வார்.

சரி, வோல்டேஜை எங்கே பார்ப்பது? விளம்பரப் பக்கத்தில் பெரும்பாலும் இருக்காது. மாற்றுப் பேட்டரி விற்பவர்களும், பிரித்துப் பழுதுபார்ப்பவர்களும் போடும் படங்களில் பேட்டரியின் மேலேயே வோல்ட்டும் வாட்-அவரும் அச்சிட்டிருக்கும். மாடல் எண்ணோடு சேர்த்துத் தேடினால் கிடைத்துவிடும்.

வாட்-அவர் கையில் வந்ததும் இன்னொரு லாபம்: அதைச் சார்ஜிங் வாட்டால் வகுத்தால் குறைந்தபட்ச நேரம் தெரியும். டேப் ஏ9 பிளஸ் 15 வாட்டில் சார்ஜ் ஆகும். 27 ÷ 15 = 1.8 மணி. கடைசிப் பகுதியில் வேகம் குறையும், வெப்பமாகவும் கொஞ்சம் போகும், அதனால் நடைமுறையில் இரண்டு மணிக்கு மேல்தான்.

‘இத்தனை மணி நேரம் ஓடும்’ என்ற வரியைத் தனியாக நம்ப வேண்டாம். வைஃபையில் இணையம் பார்த்ததா, வீடியோ ஓட்டியதா, திரை வெளிச்சம் எவ்வளவு என்பதெல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

படி 5: சிப், ரேம், சேமிப்பகம்

சிப்புக்கு, அதன் வேகத்தைச் சோதித்து மதிப்பெண் தரும் கீக்பெஞ்ச் செயலி போதும், அதிலும் ஒற்றைக் கோர் மதிப்பெண்ணை முதலில் பாருங்கள். இரண்டு மதிப்பெண்ணும் ஒரே பதிப்பிலிருந்து வந்தவையா என்று உறுதிசெய்யுங்கள். கீக்பெஞ்ச் 5க்கும் 6க்கும் அடிப்படை அளவே வேறு. நம் ஜோடியில் ஐபேடின் ஏ14 சிப் டேப் ஏ9 பிளஸில் உள்ள ஸ்னாப்டிராகன் 695ஐவிடத் தெளிவாக வேகமானது.

ரேம் வரியில் ‘8+8’ என்று இருந்தால் பின்னால் உள்ள எட்டு நிஜ ரேம் இல்லை. சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது, ரேமின் வேகம் அதற்கு வராது. முதல் எண்ணை மட்டும் எழுதுங்கள். ஆப்பிள் ஐபேட் ஸ்பெக்கில் ரேமைக் குறிப்பிடவில்லை. இதில் 4 ஜிபி இருக்கிறது. வேறு இயங்குதளம் என்பதால் ஆண்ட்ராய்டு ரேமோடு எண்ணுக்கு எண் ஒப்பிடாதீர்கள்.

சேமிப்பகத்தில் எத்தனை ஜிபி என்பதோடு என்ன வகை என்றும் கேளுங்கள். இஎம்எம்சி 5.1இன் உச்ச வரம்பு வினாடிக்கு 400 மெகாபைட், யூஎஃப்எஸ் 2.2க்கு 1200. ஆண்ட்ராய்டு டேப்லெட் வாங்கிய புதிதில் ஓடி, பின்பு இழுத்துக்கொண்டு நிற்பதற்கு மெதுவான சேமிப்பகம் ஒரு முக்கியக் காரணம்.

படி 6: காலிக் கட்டங்கள்

இப்போது உங்கள் அட்டவணையில் எழுத எதுவும் கிடைக்காத கட்டங்களுக்கு வாருங்கள். நல்ல அம்சம் என்றால் நிறுவனம் சொல்லாமல் இருக்காது. அதனால் காலியாக இருந்தால் ‘இல்லை’ என்றே முதலில் எடுத்துக்கொண்டு, இருக்கிறது என்பதற்கு ஆதாரம் தேடுங்கள்.

ஆண்ட்ராய்டில் நான் கட்டாயம் தேடுவது வைட்வைன் எல்1. வைட்வைன் என்பது படங்களைத் திருட்டுப் பிரதி எடுக்காமல் காக்கும் முறை, எல்1 அதன் உச்ச நிலை, எல்3 கடைசி நிலை. எல்3 மட்டும் இருந்தால் திரை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகள் 480பி அளவில்தான் படம் காட்டும். டிஆர்எம் இன்ஃபோ என்ற செயலியில் பார்த்துவிடலாம். ஐபேடில் இது வேறு முறை, அந்தக் கட்டத்தை விட்டுவிடுங்கள்.

யூஎஸ்பி-சி என்பது துளையின் வடிவம் மட்டுமே. ஐபேட் பத்தாம் தலைமுறையில் அது வினாடிக்கு 480 மெகாபிட் வேகத்தில்தான் கோப்புகளை அனுப்பும். ஆனால் வெளித்திரையில் படம் காட்டும். இரண்டையும் தனித்தனி வரியாக எழுதுங்கள்.

ஸ்டைலஸும், அதாவது திரையில் எழுதும் பேனாவும், அப்படித்தான். டேப் ஏ9 பிளஸில் எஸ் பென் வேலை செய்யாது. ஐபேடில் ஆப்பிள் பென்சில் வேலை செய்யும், ஆனால் யூஎஸ்பி-சி பென்சிலுக்கு அழுத்தம் உணரும் திறன் இல்லை. ஓவியம் வரைபவர்கள் முதல் தலைமுறைப் பென்சிலைத்தான் பார்க்க வேண்டும்.

பின்சேர்க்கை: பின்னூட்டத்தில் இருவர் ஜிபிஎஸ் பற்றிக் கேட்டிருந்தார்கள். நல்ல கேள்வி, அட்டவணையில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது, சிம் உள்ளதில் உண்டு. வரைபடம் பார்த்து வண்டி ஓட்ட நினைப்பவர்களுக்கு வெறும் வைஃபை ஐபேட் உதவாது.

இன்னொன்று: எத்தனை ஆண்டு மென்பொருள் அப்டேட் தருவோம் என்று நிறுவனங்கள் சொல்வதை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்று ஒருவர் கேட்டார். நிறுவனங்கள் பெரும்பாலும் அந்த மாடல் வெளிவந்த தேதியிலிருந்தே எண்ணும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. வெளிவந்து இரண்டு ஆண்டு ஆன மாடலை வாங்குகிறீர்கள் என்றால் அந்த இரண்டைக் கழித்துவிட்டு மீதியை எழுதுங்கள்.