ஆசிரியர் மாநாட்டைச் சுற்றி ஒரு சமூகத்தை உருவாக்க: எந்தக் கருவி, எப்போது, எப்படி

மாநாடு அறிவிக்கப்பட்ட அன்றே ஃபேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம் கணக்கு, வாட்ஸ்அப் குழு, யூடியூப் சேனல் என்று எல்லாவற்றையும் திறந்துவிடுவது வழக்கம். இரண்டு வாரத்தில் ஒன்றைத் தவிர மற்றவை தூங்கிவிடும். யாரும் கவனிக்காத கணக்கு இருப்பதைவிட இல்லாமலிருப்பதே மேல். அங்கே கேள்வி கேட்டுப் பதில் வராத ஆசிரியர் மறுபடி எட்டிப் பார்க்கமாட்டார். மூன்று போதும்: நிலையான ஒரு பக்கம், உள்ளே பேசிக்கொள்ள ஒரு குழு, வெளியே தெரிய ஒரு ஹேஷ்டேக்.

நிலையான பக்கம்

இதை உங்கள் சொந்த டொமைனில் (உங்கள் பெயரில் பதிவுசெய்த இணைய முகவரியில்) வையுங்கள். நிகழ்ச்சி நிரல், குழுவில் சேரும் இணைப்பு, அமர்வுக் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் இதுதான் வாசல். இலவசச் சேவையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. தனிச் சமூக வலைத்தளம் அமைக்க உதவிய நிங் என்ற சேவை 2010இல் இலவச வலைக்குழுக்களை நிறுத்தியபோது, அதில் இயங்கிய ஆசிரியர் குழுக்கள் பணம் கட்டவோ இடம் மாறவோ வேண்டியதாயிற்று. மாநாட்டுப் பதிவுகளைத் தொகுக்கப் பலர் பயன்படுத்திய ஸ்டோரிஃபை 2018இல் மூடப்பட்டது. பக்கம் உங்களுடையதாக இருந்தால், பின்னாலிருக்கும் கருவி போனாலும் முகவரி மாறாது.

க்யூஆர் குறியீடும் இந்தப் பக்கத்துக்கே போகட்டும், நேராக வாட்ஸ்அப் இணைப்புக்கு அல்ல. குழு இணைப்பை மாற்ற நேர்ந்தால் அச்சடித்த அட்டைகள் அத்தனையும் வீணாகும். அளவுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: குறியீட்டின் அகலத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை கேமரா படிக்கும். பத்து சென்டிமீட்டர் குறியீட்டை ஒரு மீட்டருக்கு அப்பாலிருந்து ஸ்கேன் செய்வது சிரமம். மேடைத் திரையில் காட்டுவதானால் முந்தைய நாளே கடைசி வரிசையில் நின்று சோதியுங்கள்.

குழு

வாட்ஸ்அப் எல்லோரிடமும் இருக்கிறது, அதுவே அதன் பலம். ஆனால் ஒரு குழுவில் 1,024 பேர்தான் சேரலாம்; ஒருவரின் கைபேசி எண் குழுவிலுள்ள அனைவருக்கும் தெரியும். அறிமுகமில்லாத நூற்றுக்கணக்கானோர் முன் எண் தெரிவதை விரும்பாதவர்கள் சொல்லாமல் ஒதுங்கிவிடுவார்கள். டெலிகிராமில் எண்ணை மறைத்துக்கொள்ளலாம், தாமதமாகச் சேர்ந்தவருக்கும் பழைய உரையாடல் தெரியும்படி வைக்கலாம், ஒரே குழுவுக்குள் தலைப்புவாரியாகப் பிரிக்கலாம். எதை எடுத்தாலும் அறிவிப்புக்கு அட்மின் மட்டும் எழுதும் தனிக் குழு வேண்டும். அரட்டையும் அறிவிப்பும் ஒரே இடத்தில் இருந்தால், அறை மாறிய செய்தி காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துபோகும்.

ஆறு வாரத்துக்கு முன்பே குழுவைத் திறங்கள். 'உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்' என்று கேட்டால் பெயரும் பள்ளியும் வரும், அத்தோடு நின்றுவிடும். 'எந்தப் பாடத்தை நடத்தும்போது வகுப்பு கையை விட்டுப் போகிறது?' என்று கேளுங்கள். ஒருவர் பின்னம் என்பார், இன்னொருவர் தனக்கும் அதேதான் என்பார். அந்த இருவரும் அரங்கில் முதல்முறை சந்திக்கும்போதே பேச விஷயம் இருக்கும். ஒரே சிக்கலைச் சொன்னவர்களை ஆறு முதல் எட்டுப் பேராகச் சேர்த்துச் சிறு குழு அமையுங்கள். பெரிய குழு ஓய்ந்த பின்னும் இவைதான் நிலைக்கும். முதல் இரண்டு வாரம் எந்தப் பதிவும் பதிலின்றி நிற்கக்கூடாது. அதற்கு மூன்று பேரை முறைவைத்து நியமியுங்கள். 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்.

ஹேஷ்டேக்

சுருக்கமாக, ஆண்டு எண்ணோடு. இடைவெளியோ சிறுகோடோ வந்தால் அங்கேயே அறுந்துவிடும். ஆங்கில எழுத்தில் வைத்தால் ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்குங்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அப்போதுதான் சொற்களைப் பிரித்து வாசிக்கும். அறிவிக்கும் முன் ஒவ்வொரு தளத்திலும் தேடிப் பாருங்கள்: வேறு யாரோ, பொருந்தாத விஷயத்துக்கு, அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கக்கூடும்.

வரமுடியாதவர்களையும் இதே ஹேஷ்டேக் சேர்க்கும். கல்வித் தொழில்நுட்பத்துக்கான ஐஎஸ்டிஇ அமைப்பின் மாநாட்டுக்குப் போகமுடியாத ஆசிரியர்கள் 'நாட்அட்ஐஎஸ்டிஇ' (ஐஎஸ்டிஇயில் இல்லை) என்று தனி ஹேஷ்டேக் வைத்துத் தாங்களே திரண்டார்கள். உங்கள் மாநாட்டில் ஒவ்வொரு அமர்விலும் ஒருவர் வெளியிலிருந்து வரும் கேள்விகளைக் கவனித்து, கேள்வி நேரத்தில் முதல் கேள்வியாக அதையே எழுப்பட்டும்.

மாநாட்டு நாளில்

அமர்வுக்கு ஒரு கூகுள் ஆவணம், முன்கூட்டியே தலைப்புகள் போட்டு: பேசுபவர், பயன்படுத்திய பொருள்கள், கேள்விகள், 'அடுத்த வாரம் வகுப்பில் செய்து பார்க்கப்போவது'. வெற்றுத்தாளைக் கொடுத்தால் எழுதத் தயங்குபவர்கள், கட்டங்களைக் கண்டால் நிரப்புவார்கள். கைபேசியில் திறந்த யாராவது தவறுதலாக எல்லாவற்றையும் அழிப்பது சகஜம். பதற வேண்டாம், பதிப்பு வரலாற்றில் போய் மீட்டுவிடலாம். ஒரே நேரத்தில் நூறு திரைகளுக்கு மேல் திறந்தால் பலருக்குத் திருத்தும் வசதி நின்றுவிடும், எனவே முழு மாநாட்டுக்கும் ஒரே ஆவணம் கூடாது. ஒரு வாரம் கழித்து 'பார்வைக்கு மட்டும்' என்று மாற்றுங்கள்.

படங்களில் கவனம் தேவை. படம் எடுக்கப்படுவதை விரும்பாதவர்களுக்கு அடையாள அட்டையில் வேறு நிறக் கயிறு கொடுங்கள். பேச்சாளர்களின் ஸ்லைடுகளில் மாணவர் முகங்கள் இருந்தால், 'இதைப் பகிராதீர்' என்ற குறியை அந்த ஸ்லைடிலேயே போடச் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் பின்வரிசையில் படமெடுப்பவர் காதில் விழாது.

முடிந்த பின்

இரண்டாவது வாரத்தில் ஒரு மணி நேர உரையாடல் வையுங்கள். ஆசிரியர்களுக்கான 'எட்சாட்' என்ற ட்விட்டர் உரையாடல் 2009 முதல் பழக்கப்படுத்திய முறை இது: ஒரே ஹேஷ்டேக், குறித்த நேரம், நெறியாளர் ஒருவர். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ஐந்து கேள்விகள் போதும். அவற்றுக்கு எண் கொடுத்தால் எது எதற்கான பதில் என்று குழம்பாது. முதல் கேள்வி, அமர்வு ஆவணத்தில் கடைசித் தலைப்பின் கீழ் எழுதியதைச் செய்து பார்த்தீர்களா என்பதாக இருக்கட்டும். 'செய்தேன், சொதப்பியது' என்ற பதிலுக்குத்தான் அதிகம் பேர் மறுமொழி எழுதுவார்கள். ஆறாவது வாரம் இன்னொன்று. அதற்குமேல் அழைப்பது நீங்களாக இல்லாமல் சிறு குழுக்களாக இருக்கட்டும்.

நல்ல பதிவுகளை அன்றன்றே, எழுதியவரைக் கேட்டு, உங்கள் பக்கத்தில் உரையாகவே நகலெடுத்து வையுங்கள். வெறும் இணைப்பு நாளடைவில் செத்துவிடும். எல்லாக் கணக்குகளையும் அமைப்பின் மின்னஞ்சலிலோ எண்ணிலோ தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு அட்மின்களாவது வையுங்கள். ஒருவரின் சொந்த எண்ணில் தொடங்கிய குழு, அவர் ஏற்பாட்டுப் பொறுப்பை விட்டு விலகியதும் அடுத்த ஆண்டுக்காரர்களுக்குக் கைக்கு வராமல் போகலாம்.