பனிக்காலக் கறிவேப்பிலைக்குச் செலவு குறைந்த ஒளிக்கூடாரம்

ரொறன்ரோவில் இலையுதிர் காலத்தில் வீட்டுக்குள் எடுத்து வைத்த கறிவேப்பிலைச் செடி பெப்ரவரியில் வெறும் குச்சியாக நிற்பதைக் காணும் நம்மவர்கள் பெரும்பாலும் குளிரின் மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். 20 பாகை செல்சியஸுக்கு வெப்பமூட்டப்பட்ட வீட்டில் அந்தச் செடிக்குக் குளிர் ஒரு பெரிய எதிரி அன்று. டிசம்பரில் 9 மணி நேரத்துக்கும் குறைந்துவிடும் பகலும், வெப்பமூட்டி உலர்த்திவிடும் காற்றும்தான் அதன் இலைகளைக் கொட்ட வைக்கின்றன. வெளியே கோடை வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் ஒளியின் அளவு) ஒளியைத் தருகிறது என்றால், மூட்டமான பனிக்கால நாளில் வரவேற்பறையின் நடுவில் கிடைப்பது சில நூறு லக்ஸ் மட்டுமே. நமது கண் அந்த இருட்டுக்குப் பழகிக்கொள்கிறது. இலைக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே நாம் கட்டப்போகும் கூடாரம் செடிக்குப் போர்வை அன்று. விளக்கின் ஒளி அறையெங்கும் சிதறாமல் இலைகளின் மேலேயே திரும்பி விழச் செய்வதும், செடியும் மண்ணும் வெளியிடும் ஈரப்பதனைச் சற்றுத் தேக்கி வைப்பதுமே அதன் வேலை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எதில் பணத்தை மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக்கூடாது என்பது தெளிவாகிவிடும். சுவருக்கும் சட்டத்துக்கும் மலிவான பொருளே போதும். கையில் இருக்கும் பணத்தை விளக்குக்குச் செலவிடுங்கள்.

விளக்கு என்றதும் ஊதா நிறத்தில் ஒளிரும் செடி விளக்குகளைத் தேடி ஓட வேண்டாம். அவற்றின் கீழும் செடி வளரும். ஆனால் அந்த ஒளியில் இலை மஞ்சளாகிறதா, அடியில் பூச்சி பிடித்திருக்கிறதா என்று பார்க்க முடியாது. வாகனத் தரிப்பறைகளில் மாட்டும் வெள்ளை எல்.ஈ.டி. குழல் விளக்கு இதற்கு நன்றாகவே உதவும். ஒளியின் வெண்மையைக் குறிக்கும் நிறவெப்பம் 4,000 முதல் 5,000 கெல்வின் வரை இருப்பதையும், கனடாவில் ஏற்கப்படும் மின்பாதுகாப்பு முத்திரை பதிந்திருப்பதையும் பார்த்து, 2 அடி நீளமும் ஏறத்தாழ 20 வாற் மின்நுகர்வும் கொண்ட நான்கு விளக்குகளை வாங்குங்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் ‘1,000 வாற்றுக்குச் சமம்’ போன்ற வாசகங்களைப் பொருட்படுத்தாமல், உண்மையில் எத்தனை வாற் இழுக்கிறது, எத்தனை லூமென் (விளக்கு வெளியிடும் மொத்த ஒளியின் அளவு) தருகிறது என்பவற்றை மட்டும் வாசியுங்கள். விளக்கொன்று 2,000 லூமென் தந்தால், 2 அடிக்கு 2 அடி பரப்பில், இழப்பெல்லாம் போக 13,000 லக்ஸ் அளவு இலைகளில் விழும். கைப்பேசியின் இலவச ஒளிமானிச் செயலி துல்லியமானதன்று. ஆயினும் சாளரத்தோரத்தையும் கூடாரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

சட்டத்துக்கு அரை அங்குல பிவிசி குழாயே எளிது. 2 அடி அகலம், 2 அடி ஆழம், 4 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் 10 அடிக் குழாய்கள் நான்கும், மூன்று வழிகளும் சந்திக்கும் மூலை இணைப்புகள் எட்டும் தேவைப்படும். முதல் இரு குழாய்களிலிருந்து நான்கு செங்குத்துக் கால்களும் இரண்டு குறுக்குச் சட்டங்களும் கிடைக்கும். மூன்றாவதிலிருந்து ஐந்து சட்டங்கள். நான்காவதிலிருந்து எஞ்சிய ஒன்றும், விளக்குகளைத் தொங்கவிட மேலே இடவேண்டிய இரண்டும். மூலை இணைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் சற்று நீளத்தைக் கூட்டுவதால், குழாயைச் சரியாக 2 அடிக்கு வெட்டினால் சட்டம் சுவர்ப் பலகையை விடப் பெரிதாகிவிடும். எனவே முதலில் ஒரு துண்டின் இரு முனைகளிலும் இணைப்பைச் செருகி அளந்து, கூடுதலாக வரும் அளவை, அநேகமாக 2 அங்குலம் அளவில் இருக்கும், கழித்துவிட்டு மற்றவற்றை வெட்டுங்கள். பசை பூச வேண்டாம்; அழுத்திச் செருகினாலே நிற்கும், ஆடினால் ஒரு சிறு திருகாணி போதும்.

சுவர்களுக்கு நெளிவுப் பலகை எனப்படும், உள்ளே குழல்குழலாக இருக்கும் வெள்ளைப் பிளாஸ்ரிக் பலகையைப் பரிந்துரைக்கிறேன். 4 அடிக்கு 8 அடிப் பலகையொன்றை வாங்கினால் அது 2 அடிக்கு 4 அடியாக நான்கு துண்டுகளாகும்: மூன்று துண்டுகள் பின்புறத்துக்கும் இரு பக்கங்களுக்கும், நான்காவதை நடுவே வெட்டினால் கூரையும் தரையும். ஒரு சாணும் வீணாகாது. தேர்தல் முடிந்ததும் வீட்டு முற்றங்களில் மழையில் நனைந்துகொண்டு நிற்கும் வேட்பாளர்களின் பலகைகள் பலவும் இதே பொருள்தான்; உரியவர்களிடம் கேட்டு வாங்கி, அச்சிட்ட பக்கத்தை வெளியே திருப்பியோ மறைத்தோ ஒட்டிக்கொண்டால் அந்தச் செலவும் இல்லை. உட்புறத்தில் அவசரகாலப் போர்வையாக விற்கப்படும் மெல்லிய வெள்ளிப் படலத்தைச் சுருக்கமின்றி ஒட்டலாம், ஆனால் அதன் மேல் உலோகப் பூச்சு இருப்பதால் மின்கம்பிகளோ செருகிகளோ அதைத் தொடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். சுத்தமான வெள்ளைப் பலகையே நன்றாக ஒளியைத் திருப்புவதால், என்னைக் கேட்டால் அந்தப் படலம் இல்லாமலும் காரியம் நடக்கும். முன்பக்கத்துக்கு ஒரு வெள்ளைக் குளியலறைத் திரையை அளவாக வெட்டித் தொங்கவிடுங்கள்.

மேற்சட்டத்தின் குறுக்கே இரண்டு குழாய்களைப் பிளாஸ்ரிக் பட்டிகளால் இறுக்கிக் கட்டி, விளக்குகளைச் சங்கிலியில் தொங்கவிட்டால், செடி வளர வளர உயர்த்திக்கொள்ளலாம். இலை நுனிக்கும் விளக்குக்கும் இடையில் 8 முதல் 12 அங்குலம் இருக்கட்டும். பல்முனை மின்பலகையையும் நேரக்கட்டுப்பாட்டுக் கருவியையும் கூடாரத்துக்கு வெளியே, தரையில் படாத உயரத்தில் பொருத்துங்கள். ஒவ்வொரு கம்பியும் செருகியை அடையுமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும். அப்படி விட்டால் கம்பி வழியே வழியும் தண்ணீர் மின்முனைக்குப் போகாமல் கீழேயே சொட்டிவிடும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கக்கூடாது.

காற்றோட்டத்தில் பலர் அளவுக்கு மீறிப் போய்விடுகிறார்கள். பெரிய விளக்குகளின் வெப்பத்தை வெளியேற்றவே பெரிய விசிறி வேண்டும். 80 வாற்றுக்குப் பழைய கணினியிலிருந்து கழற்றிய 120 மில்லிமீற்றர் விசிறியொன்றை 12 வோல்ற் நேரோட்ட மின்மாற்றியுடன் (அடாப்டர்) பின்சுவரின் மேற்பகுதியில் பொருத்தி, எதிர்ப்பக்கத்தின் அடியில் ஒரு துளை விட்டால் போதும். நமக்குக் கவலை வெப்பமன்று, வறட்சி. பனிக்காலத்தில் வீட்டின் ஈரப்பதன் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். கூடாரத்துக்குள் அதை 50 முதல் 60 சதவீதத்தில் வைத்திருக்க முயலுங்கள். 70ஐத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும், எனவே மலிவான ஈரமானி ஒன்றைத் தொங்கவிட்டு, திரையைக் கூட்டியும் குறைத்தும் திறந்து பழகிக்கொள்ளுங்கள். நிலவறையில் வைப்பவர்கள் சாடியைச் சீமெந்துத் தரையில் நேரடியாக வைக்காமல் ஒரு மரப்பலகையின் மேல் வைக்க வேண்டும், ஏனெனில் வேர் குளிர்ந்துவிட்டால் மேலே எவ்வளவு ஒளி இருந்தாலும் செடி தூங்கிவிடும்.

கூடாரத்துக்குள் பகல் எது, இரவு எது என்பதை நாமே தீர்மானிக்கலாம் என்பது இதன் பெரிய அனுகூலம். ஒன்ராறியோவில் நேரத்துக்கேற்ற மின்கட்டணத்தைத் தெரிவு செய்தவர்களுக்கு வேலை நாட்களில் இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை கட்டணம் குறைவு. விளக்கை அந்த 12 மணி நேரத்துக்கு எரியவிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோவாற் மணி மட்டுமே செலவாகும். வீட்டை இரவில் சற்றுக் குளிரவிடும் நேரத்தில் விளக்கின் இளஞ்சூடும் செடிக்குக் கிடைக்கும்.

செடியை உள்ளே கொண்டுவர முதல் உறைபனி வரை காத்திருக்க வேண்டாம். இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போதே கொண்டுவந்துவிடுங்கள். சாடி ஓர் அடியும், விளக்கும் இடைவெளியும் இன்னோர் அடியும் எடுத்துக்கொள்வதால், 4 அடிக் கூடாரத்தில் செடிக்குக் கிடைப்பது 2 அடி மட்டுமே. அதற்கு மேற்பட்டதை வெட்டி உறைபெட்டியில் வைத்தால் சமையலுக்கு உதவும். கறிவேப்பிலை எலுமிச்சையின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் செதிற்பூச்சி, மாவுப்பூச்சி, செஞ்சிற்றுண்ணி மூன்றும் அதைத் தேடி வரும். மூடிய கூடாரத்துக்குள் நுழைந்துவிட்டால் அவற்றைத் தடுக்க மழையோ இரைதேடும் வண்டோ இருக்காது. எனவே கொண்டுவரும் நாளில் குளியலறையில் வைத்து இலைகளின் அடிப்புறத்தை நீரால் நன்றாகக் கழுவி, ஒரு வாரம் தனியே வைத்திருந்து பார்த்த பின்னரே உள்ளே வையுங்கள். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு மட்டும் நீர் ஊற்றுங்கள். நரம்புகள் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் புதிய இலைகள் வந்தால், அது இரும்புச்சத்துக் குறைபாடு. நீரைக் கூட்டுவதால் தீராது.

மார்ச் நடுப்பகுதியில் அதே கூடாரத்தில் மிளகாய், கத்தரி விதைகளை இடலாம். 10 அங்குலத்துக்கு 20 அங்குல நாற்றுத் தட்டுகள் இரண்டு பக்கத்தில் பக்கமாக அமையும். தட்டுகளைப் பெட்டிகளின் மேல் உயர்த்தி வைத்தால் நாற்றுகள் ஒளி தேடி நீளாது. மே மாதக் கடைசியில் நாற்றுகளையும் கறிவேப்பிலையையும் முதலில் நிழலில் ஓரிரு மணி நேரம் என்று தொடங்கி, ஒரு வாரம் பத்து நாட்களில் படிப்படியாக வெயிலுக்குப் பழக்குங்கள். நேரே வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும். பசை பூசாத குழாய்களைக் கழற்றிக் கட்டி, பலகைகளைச் சவர்க்கார நீரில் கழுவி உலர்த்தி வைத்தால், செப்டெம்பரில் மீண்டும் நிறுத்த அரை மணி நேரம் போதும்.