ஓடத் தொடங்குபவர்களுக்கு: முதல் பத்து வாரம்

போன வருடம் ஜனவரி முதல் வாரத்தில் புது ஷூ வாங்கினேன். முதல் நாளே மைதானத்தில் எட்டு ரவுண்டு ஓடினேன். 400 மீட்டர் டிராக், அதாவது 3 கிலோமீட்டருக்கு மேல். மூச்சு வாங்கினாலும் சமாளிக்க முடிந்தது. அதே உற்சாகத்தில் ஐந்து நாள் ஓடினேன். ஆறாம் நாள் காலையில் கட்டிலைவிட்டு இறங்கியதும் முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் உள்பக்க ஓரத்தில் சுரீரென்று வலித்தது. அதன் பிறகு இரண்டரை மாதம் ஓட்டமே இல்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகத் தொடங்கிவிடும். எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்கில் ஆகும். "இன்னும் இரண்டு ரவுண்டு ஓடலாம்" என்று மூச்சு சொல்கிற நாளில் கால் அதற்குத் தயாராக இருக்காது. அதனால் இந்தப் பத்து வாரமும் உங்களால் முடிந்ததைவிடக் குறைவாகத்தான் செய்யப்போகிறீர்கள். மனசு கேட்காது, ஆனாலும் செய்யுங்கள்.

பிரஷர், சுகர், இதயப் பிரச்சினை எதாவது இருந்தால், அல்லது நாற்பது தாண்டி பல வருடமாக உடற்பயிற்சியே இல்லையென்றால், முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். சுகருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் பாக்கெட்டில் நாலு சர்க்கரை மிட்டாய் வைத்துக்கொள்ள வேண்டும். ஓடும்போது சுகர் திடீரென்று இறங்கலாம்.

படி 1: எப்போது, எதற்குப் பிறகு?

"நாளையிலிருந்து காலையில் ஓடணும்" என்று நினைத்தால் போதாது. தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு அதைக் கட்டிவிடுங்கள். "பால் பாக்கெட்டை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்ததும் ஷூ போடுவேன்." "பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றியதும் அப்படியே பூங்காவுக்குப் போவேன்." எனக்குப் பால் பாக்கெட்தான். சாக்ஸை ஷூவுக்குள் செருகி, இரவே கதவுப் பக்கத்தில் வைத்துவிடுவேன். காலையில் தேட வேண்டியிருந்தால் அந்த ஐந்து நிமிடத்தில் மனசு மாறிவிடும்.

வெயில் காலத்தில் ஆறு மணிக்கு முன்னால் கிளம்புவது நல்லது. சென்னை மாதிரி கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை சீக்கிரம் ஆவியாகாது, உடம்பும் குளிராது. போன வாரத்தைவிட மெதுவாக ஓடுகிறோமே என்று அந்த மாதங்களில் கவலைப்பட வேண்டாம்.

படி 2: இரண்டு வாரம் நடை மட்டும்

வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம், கொஞ்சம் வேகமாக. பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓட்டம் தொடங்கும் முன்பே அந்தக் கணக்கு நிறைந்துவிடுகிறது.

எடை பற்றி ஒரு வார்த்தை. 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 120 கலோரி. பூங்கா வாசலில் ஒரு டீயும் ஒரு மெதுவடையும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். எடை குறைய சாப்பாட்டைத்தான் பார்க்க வேண்டும். தூக்கம், சுகர், படியேறும்போது மூச்சு, இவற்றில் நடை தரும் பலன் பெரிது. தினமும் எடை மெஷினில் ஏறிப் பார்த்து மனம் உடைந்து நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும்.

படி 3: ஓட்டமும் நடையும்

வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. ஒவ்வொரு முறையும் முதல் 5 நிமிடமும் கடைசி 5 நிமிடமும் நடை. நடுவில்:

3, 4ஆம் வாரம்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, ஆறு முறை.
5, 6ஆம் வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, ஐந்து முறை.
7, 8ஆம் வாரம்: 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, ஐந்து முறை.
9, 10ஆம் வாரம்: 5 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, நான்கு முறை.

மற்ற இரண்டு நாள் பழையபடி நடை. ஒரு கட்டம் கடினமாக இருந்தால் அடுத்ததற்குப் போகாமல் அதையே இன்னொரு வாரம் செய்யுங்கள். நடுவில் நடப்பதைப் பலர் தோல்வியாக நினைக்கிறார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே, மாரத்தானுக்குத் தயாராகிறவர்களுக்கே இப்படி ஓடி நடந்து ஓடச் சொல்லிக்கொடுத்தவர்.

வேகத்துக்கு வாட்ச் வேண்டாம். ஓடிக்கொண்டே "இன்னைக்கு வீட்டுல என்ன டிபன் பண்ணாங்க?" என்று பக்கத்தில் வருபவரிடம் ஒரே மூச்சில் கேட்க முடிந்தால் வேகம் சரி. "இன்னைக்கு" என்பதோடு மூச்சு முட்டினால் குறையுங்கள். வேக நடையில் போகிற ஒரு தாத்தா உங்களை முந்திப் போகலாம். போகட்டும்.

படி 4: காலுக்குப் பலம்

என் கால் வலி திரும்ப வராததற்கு இதுதான் காரணம் என்று நம்புகிறேன். வாரத்துக்கு இரண்டு நாள், பத்து நிமிடம் போதும்.

வீட்டுப் படிக்கட்டின் முதல் படியில் முன்பாதத்தை மட்டும் வைத்து, குதிகால் வெளியே நிற்கும்படி நில்லுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்ணும் நேரத்தில் குதிகாலை உயர்த்தி, நான்கு எண்ணும் நேரத்தில் மெதுவாகப் படி மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். இறக்கும் பகுதியில் அவசரப்படக் கூடாது, கெண்டைக்கால் பலப்படுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 12 முறை, இரண்டு சுற்று. அப்புறம் நாற்காலியில் உட்காரப் போவது போலத் தாழ்ந்து, இருக்கை தொட்டதும் எழுவது 10 முறை. முழங்கால் ஒத்துழைத்தால் தோப்புக்கரணமே போடலாம்.

எந்த வலிக்கு நிற்க வேண்டும்?

மறுநாள் இரண்டு தொடையிலும் கெண்டைக்காலிலும் பரவலாக இருக்கும் வலி இயல்பு. இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஒரு விரலால் "இங்கே" என்று தொட்டுக் காட்ட முடிகிற எலும்பு வலி, மூட்டு வீக்கம், நொண்டி நடக்க வைக்கும் வலி, இவற்றுக்கு ஓட்டத்தை நிறுத்த வேண்டும். குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். நெஞ்சில் இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. வாயு என்று சொல்லிக் காத்திருக்காதீர்கள்.

நாள் தவறினால்

மாதக் காலண்டரில் பால் கணக்குக் குறிப்பது போல, ஓடவோ நடக்கவோ போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு போடுங்கள். எத்தனை நிமிடம், எத்தனை கிலோமீட்டர் எதுவும் எழுத வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் நடத்திய ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் அளவுக்கு வர சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு வரவில்லை என்பதையும் அதில் கண்டார்கள். அதனால் கல்யாணம், மழை, நைட் ஷிஃப்ட் என்று ஒரு நாள் போனால் போகட்டும். மறுநாள் இரட்டிப்பாக மட்டும் ஓடாதீர்கள்.

காய்ச்சல் வந்தால் கணக்கு வேறு. முழுக்கத் தேறிய பிறகு, இரண்டு நாள் நடந்து பாருங்கள். சோர்வு இல்லையென்றால், விட்ட கட்டத்துக்கு முந்தைய கட்டத்திலிருந்து தொடங்குங்கள்.