கிருமியைக் கொன்றால் போதுமா? பாக்டீரியா விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேப் ரிப்போர்ட்டில் ‘கிராம் நெகட்டிவ்’ என்று பார்த்ததும், அப்பாடா, நெகட்டிவ்தானே என்று நிம்மதியாகிவிடுபவர்கள் உண்டு. கிருமி இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. 1884இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட சாயச் சோதனையின் பெயர் அது. ஊதாச் சாயமும் அயோடினும் ஏற்றி ஆல்கஹாலால் கழுவிய பிறகும் ஊதா நின்றால் பாசிட்டிவ். சாயம் கழன்று, அடுத்துப் போடும் சாயத்தில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் நெகட்டிவ். இரண்டுமே பாக்டீரியாதான். பாசிட்டிவ் வகைக்குச் செல்சுவர் தடிமன். நெகட்டிவ் வகைக்குச் சுவர் மெல்லிசு, ஆனால் வெளியே இன்னொரு சவ்வு உண்டு, அந்தச் சவ்விலேயே நஞ்சும் உண்டு. கிருமி உடைந்து அது ரத்தத்தில் கலந்தால் காய்ச்சல் ஏறும், பிரஷர் இறங்கும்.

மற்றபடி அமைப்பு எளிது. உட்கரு கிடையாது, டிஎன்ஏ சைட்டோபிளாசத்திலேயே கிடக்கும், புரதம் செய்ய ரைபோசோம், சுற்றிலும் சவ்வு, சுவர். சிலவற்றுக்கு நீந்தக் கசையிழை, சிலவற்றுக்கு மேலே வழவழப்பான ஓர் உறை. இந்த உறையைப் பரீட்சையில் ‘பாதுகாப்பு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். யாரிடமிருந்து? நம் வெள்ளணுக்களிடமிருந்து! 1928இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் கிரிஃபித் வெளியிட்ட ஆய்வில், உறை இருந்த நிமோனியா கிருமி எலிகளைக் கொன்றது, உறை இல்லாத ரகம் கொல்லவில்லை.

சுவரைக் கட்டவிடாமல் தடுப்பதுதான் பென்சிலினின் வேலை. சாதாரணச் சளி வைரஸால் வருவது, வைரஸுக்குச் சுவரே இல்லை, அதனால் சளிக்குப் பென்சிலின் வகை மருந்தான அமாக்சிசிலின் வாங்கிப் போடுவது வெட்டிச் செலவு.

சரி, பெரிய தவறுக்கு வருவோம். கிருமி செத்தால் ஆபத்து தீர்ந்தது என்று நினைப்பது. மத்தியானம் வடித்த சோற்றை வெளியிலேயே விட்டுவிட்டு, ராத்திரி நன்றாகச் சூடாக்கி ஃப்ரைட் ரைஸ் செய்தால் எல்லாம் செத்துவிடும் என்கிறோம். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம், அவை கொதியைத் தாங்கும், சோறு வெதுவெதுப்பாக இருக்கும்போது முளைத்துப் பெருகும், பெருகும்போது வாந்தி வரவைக்கும் நஞ்சையும் கக்கி வைக்கும். அந்த நஞ்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது, அதாவது பிரஷர் குக்கரே தோற்றுவிடும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி. மீந்த சோற்றைச் சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைப்பதுதான் வழி. (தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைக்கும் பழைய சோற்றின் கதை வேறு. அங்கே லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி, புளிப்பால் மற்றவற்றை அடக்குகின்றன.)

காலராவும் நஞ்சின் வேலைதான். அந்தக் கிருமி குடல் செல்லுக்குள் நுழைவதுகூட இல்லை, மேலே ஒட்டிக்கொண்டு நஞ்சை மட்டும் அனுப்பும், உடனே குடல் உப்பையும் தண்ணீரையும் வெளியே கொட்ட ஆரம்பிக்கும். 1959இல் கல்கத்தா ஆய்வாளர் சம்பு நாத் டே, கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் முயலின் குடலில் செலுத்தி இதைக் காட்டினார். கிருமியே இல்லை, ஆனாலும் குடலில் நீர் கோத்தது. ஆகவே கடுமையான வயிற்றுப்போக்கில் முதல் ஓட்டம் ஆன்டிபயாடிக் தேடி அல்ல, ஓஆர்எஸ் பாக்கெட்டைத் தேடி இருக்க வேண்டும். இழந்த நீரும் உப்பும் திரும்பாவிட்டால், மாத்திரை வேலை செய்யும்வரை ஆள் தாங்கமாட்டார்.

அப்புறம் துருப்பிடித்த ஆணி. டெட்டனஸ் துருவால் வருவதில்லை. அதன் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் இருக்கின்றன, காற்று புகாத ஆழமான காயம் கிடைத்தால் முளைக்கும், அங்கே சுரக்கும் நஞ்சு நரம்பு வழியே ஏறித் தாடையை இறுக்கும். தோட்டத்தில் பளபளக்கும் புது ஆணி குத்தினாலும் இதே ஆபத்துதான். நமக்குப் போடும் தடுப்பூசியும் இந்த நஞ்சுக்கு எதிராகத்தான் உடம்பைத் தயார் செய்கிறது, அதனால் ஆணியில் துரு இருந்ததா என்று ஆராயாமல், கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.